எல்லையோரச் சிறுவணிகத்தின் வளர்ச்சி: கொழிஞ்சாம்பாறையை முன்வைத்து ஓர் ஆய்வு

பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சிக்குச் செல்லும் சாலையில், பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் அமைந்துள்ள கொழிஞ்சாம்பாறை, தமிழும் மலையாளமும் ஒரே கல்லாப்பெட்டிக்கு முன்னால் பேசப்படும் ஊர். எருத்தேம்பதி, வடகரப்பதி, நல்லேப்பிள்ளி, பெருமாட்டி முதலிய சுற்றுவட்டாரப் பஞ்சாயத்துகளின் உழவர்களும் மாடு வளர்ப்போரும் கூலித் தொழிலாளரும் தங்கள் அன்றாடத் தேவைகளுக்கு இதன் கடைவீதியை நாடுகின்றனர். இங்குள்ள மளிகைக் கடை, தீவனக் கடை, துணிக்கடை, உணவகம், இரும்புப் பட்டறை போன்றவை பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் முதலையும் உழைப்பையும் நம்பி நடப்பவை. இத்தகைய வணிகம் எவ்வாறு நிலைத்து நிற்கிறது, எந்த வரிசையில் வளர்ந்தால் அதன் வளர்ச்சி அதையே விழுங்காமல் இருக்கும் என்ற கேள்விக்கு, மாநில எல்லை, பருவம், கடன், வரிச்சட்டம் ஆகிய நான்கும் ஒருசேர அழுத்தும் இந்த நிலப்பகுதியைக் கொண்டு விடை காண இக்கட்டுரை முயல்கிறது. விற்பனையைப் பெருக்குவதே வளர்ச்சி என்ற பொதுவான எண்ணத்துக்கு மாறாக, போட்ட முதல் எத்தனை நாளில் கைக்குத் திரும்புகிறது என்பதை அறிந்து சீர்செய்த பிறகே விரிவாக்கம் தொடங்க வேண்டும் என்பதும், அந்த ஒழுங்கு வருவதற்கு முன் எல்லை தாண்டும் வணிகம் உள்ளூர் வணிகத்தையும் சேர்த்து இடரில் தள்ளும் என்பதும் இதன் முடிபுகள்.

எல்லை தந்த சந்தை

இப்பகுதியின் எல்லை 1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது புதிதாகப் பிறந்ததன்று. பாலக்காடு பிரிட்டிஷ் மலபார் மாவட்டத்தில் இருந்த காலத்திலும் சித்தூர் கொச்சி சமஸ்தானத்துக்கு உரியதாகவே இருந்தது. அதற்குக் கிழக்கே சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டம் தொடங்கியது. ஆகவே இருவேறு ஆட்சிகளின் விதிகளுக்கு இடையே கொண்டும் கொடுத்தும் வாழ்வது இங்குள்ள வணிகர்களுக்குப் பல தலைமுறைப் பழக்கம்.

ஆட்சி மாறும் இடத்தில் ஒரே பொருளின் தகுதியும் மாறுகிறது என்பதற்குக் கள் ஒரு தெளிவான சான்று. தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்குவதற்குத் தடை இருக்க, எல்லைக்கு இப்பால் சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளில் இறக்கப்படும் கள் உரிமச் சீட்டுடன் கேரளத்தின் பிற மாவட்டங்களுக்குச் செல்கிறது. லாட்டரிச் சீட்டும் அவ்வாறே: கேரள அரசு 1967-இல் தனித்துறை அமைத்து நடத்தும் தொழில், தமிழ்நாட்டில் 2003 முதல் தடை செய்யப்பட்டிருப்பதால், எல்லையோரக் கடைகளுக்கு வருவாய் தருவதாக ஆகியிருக்கிறது. எனினும் இரு மாநில விதிகளின் வேறுபாடு ஒன்றை மட்டுமே நம்பும் வணிகம் தன் ஆயுளை அரசாணையின் கையில் ஒப்படைத்துவிட்ட வணிகமாகும். அந்த வேறுபாடு ஒருநாள் நீங்கினாலும் வாடிக்கையாளர் தொடர்ந்து வருவதற்குத் தரம், நம்பகம், அருகாமை ஆகியவற்றில் ஒரு காரணமேனும் இருக்கிறதா என்று உரிமையாளர் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் பெருந்தொற்று ஊரடங்கின்போது எல்லைச் சாலைகள் அடைபட்டு, அனுமதிச் சீட்டு இல்லாமல் கடக்க முடியாத நிலை வந்தபோது, கொள்முதலையோ விற்பனையையோ முழுவதும் மறுபுறத்தில் வைத்திருந்தோர் எவ்வளவு பலவீனமான நிலையில் இருந்தார்கள் என்பது வெளிப்பட்டது.

ஒரே வாங்குநரை நம்பும் இடரும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. அண்மையிலுள்ள மேனோன்பாறையில் இயங்கிய சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை மூடப்பட்டபோது கரும்புச் சாகுபடியோடு அதைச் சார்ந்த வண்டித் தொழில், வெட்டுக்கூலி, சிற்றுண்டிக் கடை ஆகியவையும் பிழைப்பை வேறிடத்தில் தேட நேர்ந்தது. விற்பனையில் பாதிக்கு மேல் ஒரே நிறுவனத்திடமோ ஒரே தரகரிடமோ இருக்குமானால், அந்த வணிகம் பெயரளவில் தனித்தொழில் என்றாலும் உண்மையில் பிறரது முடிவுக்குக் கட்டுப்பட்டதே.

இரு நாட்காட்டி, ஒரு பருவம்

கொழிஞ்சாம்பாறையின் தேவை ஆண்டு முழுவதும் சமமாக ஓடுவதில்லை. ஓணமும் விஷுவும் ஒருபுறம், தீபாவளியும் பொங்கலும் மறுபுறம் என நான்கு பெரிய கொள்முதல் காலங்கள் இங்கு வருகின்றன. பொங்கலுக்குத் தமிழ்நாட்டை ஒட்டிய கேரள மாவட்டங்களில் உள்ளூர் விடுமுறை அளிக்கப்படுவதும், ஓணத்தையொட்டி அரசு ஊழியர் போனஸோ விழாப்படியோ பெறுவதும் இந்த அலைகளுக்கு வலுச் சேர்க்கின்றன. கேரளத்தின் உட்பகுதியிலோ தமிழ்நாட்டின் உட்பகுதியிலோ உள்ள கடைக்காரர் இவற்றில் பாதியை மட்டுமே எதிர்பார்க்க முடியும் என்பதால், இரு நாட்காட்டிகளையும் வைத்துச் சரக்குத் திட்டமிடுவது இவ்வூர் வணிகருக்கே கிட்டும் தனி ஆதாயம். ஆனால் ஓணச் சரக்கின் மிச்சம் விற்றுத் தீருமுன் தீபாவளிச் சரக்குக்குப் பணம் கட்ட வேண்டிவரும் ஆண்டுகளில், இதே ஆதாயம் பண நெருக்கடியாக மாறிவிடும். முந்தைய ஆண்டில் ஒவ்வொரு விழாவுக்கும் வாங்கியது எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று எழுதிவைத்த ஒரு பக்கக் குறிப்பு, அடுத்த கொள்முதலுக்கு நினைவை விடச் சிறந்த வழிகாட்டி.

விழாக்களுக்கு அடியில் நீரின் கணக்கு ஓடுகிறது. கேரளத்தின் பொதுவான மழைவளத்தில் குறைந்த பங்கே இந்தக் கிழக்குப் பகுதிக்குக் கிடைப்பதால், சித்தூர்ப்புழைப் பாசனம் பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவில் கேரளத்துக்குத் தரப்பட வேண்டிய 7.25 டி.எம்.சி. நீரைப் பெரிதும் சார்ந்திருக்கிறது. 1970-இல் கையெழுத்தாகி 1958 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்ட இந்த ஒப்பந்தத்தின் நீர்வரத்து குறையும் ஆண்டில், உழவர் கையில் பணம் குறைந்து, கடைகளின் நிலுவை நீளுகிறது. நிலத்தடி நீரும் வணிகக் கணக்கில் ஒரு செலவுதான் என்பதைப் பெருமாட்டிப் பஞ்சாயத்தின் பிளாச்சிமடை உலகுக்கே காட்டியது. அங்கு 2000-இல் தொடங்கிய கோக்கக்கோலா ஆலை, நிலத்தடி நீர் குறித்து ஊரார் நடத்திய போராட்டத்துக்கும் உரிமத்தைப் புதுப்பிக்கப் பஞ்சாயத்து மறுத்ததற்கும் பிறகு, 2004-இல் உற்பத்தியை நிறுத்தியது. நீரை மிகுதியாகச் செலவிடும் சிறுதொழில் எதுவாயினும், அண்டை வீட்டாரின் கிணற்றையும் தன் திட்டத்துக்குள் வைத்து எண்ணாமல் இங்கு நீடிக்க முடியாது.

முதல் திரும்பும் வேகம்

சரக்கு வாங்கப் போட்ட பணம், சரக்காகி, விற்பனையாகி, நிலுவை வசூலாகி மீண்டும் கைக்குப் பணமாக வருவதற்கு ஆகும் காலமே முதல் சுழற்சிக் காலம். இந்தச் சுழற்சியில் சிக்கியிருக்கும் தொகையை நடைமுறை மூலதனம் என்பர். சிறுவணிகத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது. இதைக் கற்பனையான ஒரு தீவனக் கடையின் கணக்கைக் கொண்டு அருகில் பார்க்கலாம்.

அந்தக் கடையின் முதல் 2,00,000 ரூபாய் என்றும், ஒவ்வொரு சுழற்சியிலும் அதன்மேல் 6 விழுக்காடு, அதாவது 12,000 ரூபாய், மொத்த லாபம் கிடைக்கிறது என்றும், வாடகை, மின்கட்டணம், ஏற்றுக்கூலி ஆகியவற்றுக்கு மாதம் 10,000 வீதம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய் செலவாகிறது என்றும் கொள்வோம். முதல் 15 நாளுக்கு ஒருமுறை திரும்பினால் ஆண்டுக்கு 24 சுழற்சிகளில் 2,88,000 ரூபாய் வந்து, செலவு போக 1,68,000 ரூபாய் மிஞ்சும். வாடிக்கையாளர்களுக்குப் பற்று எழுதிக் கொடுத்ததால் அதே முதல் 45 நாளுக்கு ஒருமுறை திரும்புமானால், சுழற்சி எட்டாகச் சுருங்கி, மொத்த லாபம் 96,000 ரூபாயாகி, ஆண்டு முடிவில் 24,000 ரூபாய் கைநட்டம் ஏற்படும். இரண்டு நிலைகளிலும் கடையும் விலையும் லாப விகிதமும் ஒன்றே. மாறியது வசூல் நாள் மட்டுமே. பற்றேட்டில் இருக்கும் தொகையை லாபமாக எண்ணிச் செலவு செய்யும் கடைகள், வியாபாரம் நன்றாக நடக்கிறது என்ற தோற்றத்துடனேயே நலிவது இதனால்தான்.

பற்றுக் கொடுக்காமல் கிராமப்புறத்தில் வணிகம் செய்ய இயலாது என்பது உண்மை. ஆனால் எந்த நாளில் திரும்பும் என்று குறிக்காத பற்றுதான் கேடு விளைவிக்கிறது. சித்தூர் வட்டாரம் கேரளத்தில் பால் உற்பத்திக்குப் பெயர்பெற்றது. இங்கே மாடு வளர்க்கும் குடும்பங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றும் பாலுக்குக் கொழுப்பையும் கொழுப்பல்லாத திடப்பொருளையும் அளந்து விலை கணக்கிடப்பட்டு, குறித்த இடைவெளியில் பணம் வழங்கப்படுகிறது. தீவனப் பற்றின் தவணையை அந்தப் பால்பண நாளோடு இணைத்துவிடும் கடைக்காரருக்கு வசூலுக்காக அலைய வேண்டிய தேவை பெரிதும் குறையும். முதலமடைப் பகுதியின் மாந்தோப்பு உழவருக்கு ஆண்டின் முற்பகுதியில் மாம்பழக் காசும், நெல் உழவருக்குக் கொள்முதல் தொகையும் வந்துசேரும் காலங்கள் வேறு என்பதால், ஒரே தவணை விதியை எல்லோருக்கும் விதிக்காமல், ஒவ்வொருவரின் வருவாய் நாளை அறிந்து தவணை குறிப்பதே நடைமுறைக்கு உகந்தது. இதோடு, எந்த ஒரு வாடிக்கையாளரின் பற்றும் ஓர் உச்சவரம்பைத் தாண்டக் கூடாது என்றும், பழைய பாக்கியில் ஒரு பகுதியேனும் தீராமல் புதிய பற்று எழுதுவதில்லை என்றும் கடை முழுவதற்கும் பொதுவிதி இருந்தால், மறுப்பது கடைக்காரரின் மனக்கசப்பாகத் தோன்றாமல் கடையின் வழக்கமாக ஏற்கப்படும்.

விலைக்குறைப்பின் உண்மை விலை

புதிய கடை ஒன்று எதிரில் திறக்கும்போது பெரும்பாலோர் முதலில் செய்வது விலையைக் குறைப்பது. அதன் விளைவை அறியச் சமநிலைப் புள்ளி என்ற கருத்து உதவும்; மொத்த லாபம் நிலையான செலவுக்குச் சரியாக ஈடாகும் விற்பனை அளவையே அது குறிக்கிறது. மாதம் 45,000 ரூபாய் வாடகை, சம்பளம் முதலிய நிலையான செலவு உள்ள ஒரு கடையில், 85 ரூபாய்க்கு வாங்கிய பொருள் 100 ரூபாய்க்கு விற்றால், ஒன்றுக்கு 15 ரூபாய் வீதம் 3,000 பொருள் விற்றாலே செலவு கட்டும். விலையை 5 ரூபாய் மட்டும் குறைத்து 95-க்கு விற்றால், ஒன்றுக்கு 10 ரூபாயே நிற்பதால் 4,500 பொருள் விற்க வேண்டும். விலையில் 5 விழுக்காட்டுக் குறைப்பு, விற்பனை எண்ணிக்கையில் 50 விழுக்காட்டுப் பெருக்கத்தைக் கட்டாயமாக்கிவிடுகிறது. ஒரு சிறிய ஊரின் மக்கள்தொகை அவ்வளவு கூடுதல் விற்பனைக்கு இடம் தராது என்பதால், விலையைக் காத்து, கிடைக்காத பொருளைக் கொண்டுவருதல், வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தல், சரியான எடை, திருப்பி எடுத்துக்கொள்ளும் நாணயம் ஆகியவற்றால் போட்டியை எதிர்கொள்வதே சிறுகடைக்கு இயன்ற வழி.

எல்லையைக் கடக்கும்போது மாறும் சட்டம்

2017 ஜூலை 1-இல் சரக்கு மற்றும் சேவை வரி, அதாவது ஜிஎஸ்டி, நடைமுறைக்கு வந்ததோடு, வாளையாறு, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் முதலிய எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகளின் பணி முடிவுக்கு வந்தது. சாவடி போய்விட்டதால் எல்லையும் போய்விட்டது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது சாலையிலிருந்து கணக்கேட்டுக்குள் இடம் மாறியிருக்கிறது.

ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டாத, சரக்கு மட்டும் விற்கும் கேரள வணிகர், மாநிலத்துக்குள்ளேயே விற்பவராக இருந்தால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவு பெற வேண்டியதில்லை. வரிக்கு உட்பட்ட சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்பவருக்கோ இந்த வரம்பு பொருந்தாது. விற்பனை எவ்வளவு சிறியதாயினும் பதிவு கட்டாயம். அவ்வாறே, ஒன்றரைக் கோடி ரூபாய் வரை விற்பனை உள்ளோருக்கான இணக்க வரித் திட்டத்தில், கடைக்காரரும் உற்பத்தியாளரும் விற்பனையில் 1 விழுக்காடும் உணவகத்தார் 5 விழுக்காடும் செலுத்தி எளிய கணக்கோடு விடுபடலாம். ஆனால் வேறு மாநிலத்துக்குச் சரக்கு விற்பவருக்கு அத்திட்டத்தில் இடமில்லை. வேறு மாநிலத்திலிருந்து வாங்குவதற்குத் தடையில்லை என்பதால், கோயம்புத்தூரிலும் பொள்ளாச்சியிலும் கொள்முதல் செய்து கொழிஞ்சாம்பாறையில் விற்பவர் இணக்க வரியில் இருக்கலாம். பொள்ளாச்சிக் கடைக்கு ஒரே ஒரு பெட்டி அனுப்பினால் இருக்க முடியாது.

கடைக்கு நேரில் வந்து வாங்கிச் செல்லும் தமிழ்நாட்டு வாடிக்கையாளரின் நிலை இன்னும் நுட்பமானது. பதிவு பெறாத ஒருவருக்கு விற்கும்போது, விற்பனை நிகழ்ந்த இடமாகப் பில்லில் எழுதப்பட்ட அவரது முகவரியும், முகவரி எழுதப்படாவிட்டால் விற்பவரின் இடமும் கொள்ளப்படும் என்ற விதி 2023 அக்டோபர் 1 முதல் நடப்பில் உள்ளது. மாநிலத்தின் பெயரை மட்டும் எழுதினாலும் முகவரி எழுதியதாகவே ஆகும். ஆகவே பில்லில் எழுதப்படும் ‘தமிழ்நாடு’ என்ற ஒரு சொல்லே விற்பனையின் வகையை மாற்றிவிடும் என்பதைப் பில் போடும் பணியாளர் அறிந்திருக்க வேண்டும்.

இவ்விதிகளுக்கு உட்படாத பகுதியும் உண்டு. பால், பச்சைக் காய்கறி, புதிய மாம்பழம் போன்ற வரியில்லாப் பொருள்களை மட்டுமே விற்பவருக்குப் பதிவே தேவையில்லை என்பதால், வேலந்தாவளம் காய்கறிச் சந்தைக்கு எல்லை ஒரு வரித்தடையாக நிற்பதில்லை. சேவை அளிப்போர் 20 லட்சம் ரூபாய் வரை மாநில எல்லை தாண்டியும் பதிவின்றிப் பணிபுரியலாம். பம்பு செட் பழுது பார்ப்பவர், தையற்காரர், ஒளிப்படக் கலைஞர் போன்றோருக்கு இது பெரிய வாய்ப்பு. மாங்காயை ஊறுகாயாக்கி, நிலக்கடலையைப் பர்பியாக்கி மதிப்பைக் கூட்டும் முனைவோருக்கே எல்லையின் சுமை முழுமையாக வருகிறது.

அந்தச் சுமை எவ்வளவு என்பதையும் அளந்து பார்க்க வேண்டும். பதிவு பெற்ற பின் எல்லை தாண்டிய விற்பனைக்கு மட்டுமின்றி உள்ளூர் விற்பனைக்கும் வரி வசூலிக்க வேண்டும் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. உள்ளூரில் 30 லட்சம் ரூபாய்க்கு விற்கும் ஒரு கடையின் சரக்கு 5 விழுக்காடு வரிக்கு உட்பட்டது என்றும், அதன் கொள்முதல் 25,50,000 ரூபாய் என்றும் கொண்டால், விற்பனை மீதான வரி 1,50,000 ரூபாயாகும். கொள்முதலில் ஏற்கெனவே கட்டிய 1,27,500 ரூபாயை உள்ளீட்டு வரி வரவாகக் கழித்துக்கொள்ளலாம் என்பதால், கையிலிருந்து கட்ட வேண்டியது 22,500 ரூபாய் மட்டுமே. பில்லுடன் வாங்கி விற்பவருக்கு இது தாங்கக்கூடியது. விவசாயியிடம் மாங்காய் வாங்கும் ஊறுகாய்த் தயாரிப்பாளருக்கோ, மூலப்பொருளுக்கு வரி இல்லாததால் கழித்துக்கொள்ளவும் அதிகம் இல்லை. விற்பனை மீதான வரியின் பெரும்பகுதியை அவர் விலையில் சேர்த்தாக வேண்டும். எல்லைக்கு அப்பால் எதிர்பார்க்கும் மொத்த லாபம், இந்தக் கூடுதல் வரி, கணக்கரின் ஊதியம், 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு எடுக்கும் இ-வே பில் முதலிய வேலைகளின் நேரச்செலவு ஆகியவற்றை மிஞ்சுமா என்று எழுதிப் பார்த்த பிறகே அடியெடுத்து வைக்க வேண்டும். எல்லைக்கு அப்பால் கிளை திறப்போர், ஜிஎஸ்டி பதிவு மாநிலந்தோறும் தனித்தனி என்பதையும், தம் சொந்தக் கிளைக்கே அனுப்பும் சரக்கும் சட்டத்தின் பார்வையில் வரிக்குரிய வழங்கலே என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எவ்வளவு வளர்வது: ராமசேரி தரும் பாடம்

பாலக்காடு–பொள்ளாச்சிச் சாலையை ஒட்டி, எலப்புள்ளிப் பஞ்சாயத்தில் உள்ள ராமசேரி, தன் பெயரைத் தாங்கிய இட்லியால் கேரளம் முழுவதும் அறியப்பட்ட சிற்றூர். காஞ்சிபுரம் பகுதியிலிருந்து குடியேறியதாகக் கூறப்படும் முதலியார் குடும்பங்கள் சிலவே இன்றும் அதைச் செய்துவருகின்றன. மண்பானையில் நீர் கொதிக்க, அதன்மேல் வைக்கும் நூல்வலை பின்னிய மண்வளையத்தில் துணி விரித்து மாவை ஊற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, விறகடுப்பில் வேகவைப்பதால், அந்த இட்லி வழக்கமான குழிவு இல்லாமல் தட்டையாகவும் மென்மையாகவும் வருகிறது. பொடியும் எண்ணெயும் அதற்கு இணை.

இந்தச் செய்முறையில் ஓர் அடுக்கில் வேகும் இட்லிகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. எவர்சில்வர் கொப்பரைக்கு மாறினால் எண்ணிக்கை பெருகும். ஆனால் வாடிக்கையாளர் தேடிவரும் காரணமே அழிந்துவிடும். ஆகவே இங்கு வளர்ச்சி என்பது அளவைப் பெருக்குவதாக இருக்க இயலாது. செய்முறையைக் காத்து, நியாயமான விலையைக் கேட்டு, பெயரின் மதிப்பை உயர்த்துவதாகவே இருக்க முடியும். ஒவ்வொரு சிறுதொழிலும், தன்னிடம் உள்ள எது மாறினால் வாடிக்கையாளர் விலகுவார் என்ற கேள்விக்கு முதலில் விடை கண்டு, அதைத் தவிர மற்றவற்றை மட்டுமே விரிவாக்கத்துக்காக மாற்ற வேண்டும் என்பது இதிலிருந்து பெறப்படும் பொதுவிதி.

நிறுவன வளர்ச்சி பற்றி 1959-இல் விரிவான நூல் எழுதிய பொருளியலாளர் எடித் பென்ரோஸ், ஒரு நிறுவனம் எவ்வளவு விரைவாக வளரலாம் என்பதை அதன் பணமோ சந்தையோ மட்டும் தீர்மானிப்பதில்லை, அதை நடத்துவோரின் அனுபவமும் கவனமும் விரியும் வேகமே வரம்பிடுகிறது என்று நிறுவினார். கணவனும் மனைவியும் நடத்தும் கடைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். இரண்டாவது கடையைத் திறக்கும்போது முதல் கடையின் கல்லாவில் யார் அமர்வது என்ற கேள்விக்கு விடை இல்லையென்றால், புதிய கடையின் லாபம் பழைய கடையின் இழப்பால் கரைந்துவிடும். பர்மாவிலும் மலாயாவிலும் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தார், தாம் நேரில் இல்லாத ஊர்களில் முகவர்களைப் பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணையில் அமர்த்தி, தவணை முடிவில் கணக்கை முடித்துப் பார்க்கும் ஒழுங்கால் அத்தொலைவை ஆண்டனர். அன்றாடக் குறிப்பு, ஆள்வாரிப் பேரேடு, சொத்தையும் பொறுப்பையும் எதிரெதிரே நிறுத்திக் காட்டும் ஐந்தொகை ஆகிய மூன்றும் தமிழ் வணிக மரபுக்குப் புதியவை அல்ல. இவை மூன்றும் உரிமையாளர் இல்லாத நாளிலும் சரியாக எழுதப்படுமானால்தான் ஒரு கடை இரண்டாவது கடைக்குத் தகுதி பெறுகிறது.

கடனின் அளவும் வரிசையும்

முதல் சுழற்சி சீரான பிறகே கடன் பயன் தரும். சீராகாத சுழற்சியில் விழும் கடன் நிலுவையைப் பெருக்கவே உதவும். எல்லைப்புறக் கடைவீதிகளில் எளிதில் கிடைப்பது தினவசூல் வட்டி. 10,000 ரூபாய்க்கு எழுதி, 1,000 ரூபாயை முன்னதாகப் பிடித்துக்கொண்டு, நாள்தோறும் 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிக்கும் முறையில், வட்டி 10 விழுக்காடு என்று தோன்றினாலும், அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதால் அதன் உண்மை வட்டி ஆண்டுக்கு 75 விழுக்காட்டுக்கும் மேல். கேரளத்தில் குறி என்றும் சிட்டி என்றும் வழங்கும் ஏலச்சீட்டு, ஒழுங்காகச் சேமிக்கவும் மொத்தமாகத் தொகை எடுக்கவும் உதவும். 1969-இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான கேரள மாநில நிதி நிறுவனம் இதை விரிவாக நடத்துகிறது. எனினும் அவசரத்தில் ஆழமாகத் தள்ளி எடுக்கும் சீட்டு வங்கிக் கடனைவிட விலை கூடியதாகலாம் என்பதால், தள்ளுபடியை ஆண்டு வட்டியாக மாற்றிப் பார்த்த பிறகே ஏலம் கேட்க வேண்டும்.

2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண் என மூன்று படிகள் இருந்தன. தருண் கடனை ஒழுங்காகத் திருப்பியவருக்கு 20 லட்சம் வரை தரும் தருண் பிளஸ் பின்னர் சேர்ந்தது. சிறிதாக வாங்கி, தவறாமல் கட்டி, அடுத்த படிக்கு ஏறும் இந்த அமைப்பே ஒரு நல்ல ஒழுங்கைக் கற்பிக்கிறது. குறுகிய காலத்தில் விற்றுத் தீரும் சரக்குக்கு நீண்டகாலக் கடனும், பல ஆண்டு உழைக்கும் இயந்திரத்துக்குக் கைமாற்றும் பொருந்தா என்ற பழைய விதியை எந்தத் திட்டத்திலும் மறக்கலாகாது.

குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு கட்டணமின்றிக் கிடைப்பது. 2025 ஏப்ரல் 1 முதல் இரண்டரைக் கோடி ரூபாய் வரை முதலீடும் 10 கோடி வரை விற்பனையும் உள்ளவை குறுநிறுவனங்கள் என்பதால், இவ்வூரின் ஏறத்தாழ எல்லாத் தொழில்களும் இதனுள் அடங்கும். பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கும் சேவையாளருக்கும் வாங்குபவர், ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாளிலும், ஒப்பந்தம் இருந்தாலும் அதிகபட்சம் 45 நாளிலும் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையின் ஆலைகளுக்குப் பாகம் செய்து தரும் பட்டறைக்காரர் இந்த உரிமையை அறிந்து, வேலை ஆணையையும் ஒப்படைப்புச் சீட்டையும் எழுத்தில் பெற்றுவைக்க வேண்டும். வாங்கி விற்கும் வணிகருக்கு இந்தக் காப்பு இல்லை. முன்னுரிமைக் கடன் பெறவே அவர்களது பதிவு உதவும். கேரளத்தில் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குறு, சிறு, நடுத்தரத் தொழில் தொடங்குவோர் தன்னுறுதி மொழி அளித்து ஒப்புகைச் சான்று பெற்று, மாநில உரிமங்கள் சிலவற்றுக்காகக் காத்திராமல் மூன்றாண்டு வரை இயங்க வழியிருப்பதும் புதியவர்களுக்குப் பயன்தரக்கூடியது.

மொழியும் நிறுவனத் துணையும்

இத்தனை உரிமைகளும் பயன்பட, அவற்றின் படிவங்கள் வணிகருக்குப் புரிய வேண்டும். தமிழ்வழியில் படித்த உரிமையாளர் மலையாள அறிவிப்பையும் ஆங்கில இணையப் படிவத்தையும் இடைத்தரகர் வழியாகவே அணுகும்போது, தன் தொழிலின் நிலையைத் தானே அறியாத இடர் உருவாகிறது. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், அறிவிக்கப்பட்ட சிறுபான்மைப் பகுதிகளில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுடன் தமிழர் தமிழில் கடிதம் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் இடமளிக்கிறது. அவ்வுரிமையை வணிகர் சங்கங்கள் கூட்டாகப் பயன்படுத்தி, தொழில்துறை, உணவுப் பாதுகாப்பு, வரி ஆகிய துறைகளின் விதிகளைத் தமிழில் எளிய கையேடுகளாகக் கேட்டுப் பெற வேண்டும். கொழிஞ்சாம்பாறை அரசுக் கலை அறிவியல் கல்லூரியும், தமிழ்த்துறை உள்ள சித்தூர் அரசுக் கல்லூரியும் உள்ளூர்க் கடைகளுக்குக் கணக்கெழுதும் பயிற்சி அளிக்க முன்வந்தால், மாணவர்க்குத் தொழிலறிவும் கடைக்காரர்க்கு ஒழுங்கான ஏடும் ஒருசேரக் கிட்டும். 1998-இல் தொடங்கிய கேரள அரசின் குடும்பஸ்ரீ திட்டத்தின் அண்டைவீட்டுக் குழுக்கள் பெண்களின் சிறுதொழில்களுக்கு ஏற்கெனவே ஓர் அடித்தளத்தைத் தந்திருப்பதால், அப்பயிற்சி அங்கிருந்தே தொடங்கலாம்.

சிறுவணிகத்துக்கு அறிவுரை கூறுவோர் பெரும்பாலும் துணிவையும் உழைப்பையுமே வலியுறுத்துகின்றனர். எல்லையோரக் கடைக்காரரிடம் இவை இரண்டுக்கும் என்றும் குறைவில்லை. குறைவாக இருப்பது வரிசை பற்றிய தெளிவே. முதலில் நாளேடு எழுதி முதல் சுழற்சியை அறிதல், பிறகு பற்றுக்குத் தவணையும் வரம்பும் விதித்தல், அதன்பின் விலையைக் காத்துத் தனித்தன்மையை வளர்த்தல், பிறகு தேவைக்கேற்ற கடனைப் படிப்படியாகப் பெறுதல், இவை அனைத்தும் நிலைபெற்ற பிறகே பதிவுடன் எல்லை தாண்டுதல் என்ற ஒழுங்கு, ஒவ்வொரு படியும் அடுத்த படியின் இடரைக் குறைப்பதால் இன்றியமையாததாகிறது. கிழக்கே பொள்ளாச்சியும் கோயம்புத்தூரும் மேற்கே பாலக்காடும் கைக்கெட்டும் தொலைவில் இருப்பது கொழிஞ்சாம்பாறையின் பெரும் செல்வம்; இரண்டு மொழியும் இரண்டு நாட்காட்டியும் தெரிந்த வணிகர், மூன்றாவதாகத் தம் கணக்கையும் தாமே படிக்கத் தெரிந்தவராக ஆகும்போது அச்செல்வம் முழுவதும் அவருக்கு உரியதாகும்.